தட்டில் வெட்டிய பெயர்

லேக் மார்க்கெட், கொல்கத்தா
மே 5, 2025

டேய் அபிநவ்,

உன் ஊர் நாறுகிறது. முதல் வரியே இப்படி எழுதினால் பத்மநாபன் சார் மதிப்பெண் போடுவாரா என்று தெரியவில்லை. ஆனால் உண்மையை எழுதச் சொன்னது அவர்தான். வரலாற்றுத் துறையில் இருபத்திரண்டு பேர் இருக்க, வீடு மாற்றிக்கொள்ள நம் இருவரைத்தான் அவர் தேர்ந்தெடுத்திருக்கிறார். நீ பெரம்பூரில் என் வீட்டில், நான் கொல்கத்தாவில் உன் வீட்டில். நாற்பது நாள். போன் கூடாது, கடிதம் மட்டும். ஒரு தலைநகரம், அதன் சாப்பாடு, அதன் அருங்காட்சியகங்கள். கல்லூரி திறந்ததும் என் கடிதங்களை நீயும் உன் கடிதங்களை நானும் வகுப்பில் உரக்கப் படிக்க வேண்டும், ஒரு வரியும் அடிக்கக் கூடாது. மனுஷருக்கு வேறு வேலையே இல்லை.

ஹவுரா மெயிலை விட்டு இறங்கியதும் ஒரு மீன் கூடை என் சட்டையில் உரசியது. அந்தச் சட்டையை இரண்டு முறை துவைத்தும் வாடை போகவில்லை. உன் தெருமுனையில் ஃபுச்கா, அதாவது நம்மூர்ப் பானிபூரி, விற்கிறவர் கையை முழங்கை வரை புளித் தண்ணீரில் விட்டுத்தான் ஒவ்வொன்றாக எடுத்துத் தருகிறார். அவர் கைவிரலில் ஒரு பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. நான் கொடுத்த காசைத் திரும்பக் கேட்கவில்லை, அப்படியே நடந்துவிட்டேன். சிரிக்காதே. ஹாஸ்டல் மெஸ்ஸில் டம்ளரை நான் மூன்று முறை கழுவுவதைப் பார்த்து நீ சிரித்தது போதும்.

உன் வீடு சுத்தமாக இருக்கிறது, அது ஒன்றுதான் ஆறுதல். போனவுடன் உன் அம்மா காப்பி கொடுத்தார். டம்ளரில் 'அபி' என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. உன்னையே பார்த்த மாதிரி இருந்தது. காப்பி குடித்து முடிப்பதற்குள் பத்துக் கேள்விகள். "அப்பா பேரு என்னப்பா?" மருதமுத்து என்றேன். "எங்க வேலை?" ரயில் பெட்டித் தொழிற்சாலை. "அம்மா?" கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறார். "ஓஹோ. பூர்வீகம் எந்தப் பக்கம்? ஊருக்குள்ளயா, இல்ல கொஞ்சம் தள்ளியா?" நான் பெரம்பூரிலேயே பிறந்தேன் மாமி என்று சொல்லிச் சமாளித்தேன். உன் அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

மதியச் சாப்பாடு அருமை. மோர்க்குழம்பு, சேப்பங்கிழங்கு. "எங்காத்துல பேர் வெட்டாத பாத்திரமே கிடையாது" என்று உன் அம்மா பெருமையாகச் சொன்னார். உண்மைதான். கரண்டியில்கூட 'ரா.வி.' இருக்கிறது. எனக்குக் கொடுத்த தட்டில் மட்டும் ஏதோ பெங்காலிக் கிறுக்கல். அது யார் பெயர்? சாப்பிட்டதும், "நீயே அலம்பி பின்னாடி பால்கனியில வச்சுடுப்பா" என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. நான் தேய்த்தால்தான் எனக்குத் திருப்தி என்று உனக்குத் தெரியுமே. வேலைக்கு வரும் ஷெஃபாலி மாஷி என்னையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

நாளை ஜாதூகர். மியூசியத்துக்கு மந்திர வீடு என்று பெயர் வைத்தவர்களை மட்டும் மன்னிக்கலாம்.

தீபக்


பெரம்பூர், சென்னை
மே 12, 2025

தீபக் பாபு,

ஃபுச்காவைச் சாப்பிடாமல் காசைக் கொடுத்துவிட்டு ஓடிய ஒரே மனிதன் நீயாகத்தான் இருப்பாய். அந்தப் பிளாஸ்டர்தான்டா ருசியே. திரும்பப் போ. இன்னும் காரம் போடச் சொல்.

என் தமிழ் எழுத்தைப் பார்த்துத் திட்டாதே. முதல் வருஷம் நீ கற்றுக்கொடுத்த எழுத்துதான் இது. ற, ர தப்பினால் வாத்தியாரைத்தான் அடிக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் நான் ராஜா. தட்டு, டம்ளர், கிண்ணம் எல்லாம் புத்தம் புதிது. தட்டில் கடை ஸ்டிக்கரின் பசை இன்னும் போகவில்லை, சாதம் ஒட்டிக்கொள்கிறது. வருஷம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் இருநூறு குழந்தைகளுக்குச் சமைக்கிற உன் அம்மா லீவிலும் எனக்குத் தனியாக ஒரு சின்னக் குக்கரில் சாம்பார் வைக்கிறார். தினமும் சாம்பார், உருளைக்கிழங்கு, அப்பளம். உங்கள் வீட்டு மீன் குழம்பைப் பற்றி ஹாஸ்டலில் நீ அவ்வளவு பீற்றிக்கொண்டாயே, அது எங்கே? கேட்டால், "அதெல்லாம் உனுக்கு வேணாம் கண்ணு" என்கிறார். நான் மீன் தின்கிறவன் என்று நம்பவே மாட்டேன் என்கிறார். பத்து வயதிலிருந்து பக்கத்து வீட்டு அக்கா ஸ்மிதாதி எனக்கு இலிஷ் மீன் ஊட்டியிருக்கிறாள் என்று அவரிடம் எப்படிச் சொல்ல! (இதை என் அம்மாவிடம் உளறிவிடாதே. வகுப்பில் படித்தால் பரவாயில்லை, அம்மா அங்கே வரப்போவதில்லை.)

எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். உன் அப்பா, "நீ சாப்ட்டு எழுந்துரு தம்பி, நாங்க அப்பால சாப்டுறோம்" என்கிறார். அவ்வளவு மரியாதை. கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது, சுகமாகவும் இருக்கிறது.

எழும்பூர் மியூசியம் போனேன். வெண்கலச் சிலைகளைப் பார்த்தேன், திமிங்கில எலும்புக்கூட்டுக்குக் கீழே வேர்க்கடலை தின்றேன், காவலரிடம் திட்டு வாங்கினேன். பாரிமுனையில் அத்தோ, அந்த பர்மா நூடுல்ஸ், சாப்பிட்டேன். இரண்டு பிளேட்.

பெங்காலி எழுத்து கற்றுக்கொள்ளேன். ஜாதூகரில் ஒவ்வொரு பலகையிலும் இங்கிலீஷும் பெங்காலியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். உனக்கு ஒரு வாரம் போதும்.

அபி


லேக் மார்க்கெட்
மே 19, 2025

அபிநவ்,

பெங்காலி ஆரம்பித்துவிட்டேன். முதலில் படிக்கக் கற்றது என்ன தெரியுமா? 'ஹாத் தேபேன் நா.' கை வைக்காதீர்கள். கண்ணாடிப் பெட்டிக்கு ஒன்று இருக்கிறது. அதே வாசகம் திரும்பத் திரும்ப வருவதால் மனப்பாடம் ஆகிவிட்டது. ஷ எழுத்தைச் சிவன் சிலையின் பலகையிலிருந்து எடுத்தேன். ஃப எழுத்து ஃபாசில் அறையிலிருந்து. ல எழுத்துக்கு அலையவே வேண்டாம், ஊர் பெயரிலேயே இருக்கிறது, எல்லாப் பேருந்திலும் ஓடுகிறது. ஒற்றைக்கொம்பு நம்முடையது மாதிரியே எழுத்துக்கு முன்னால் வந்து உட்காருகிறது. சொந்தக்காரனைப் பார்த்த சந்தோஷம்.

மம்மி அறையில் எனக்குக் குமட்டிவிட்டது. நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்த மனிதர். கால் விரல் வெளியே தெரிகிறது. ஒரு குடும்பம் அவர் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டே படம் எடுத்தது. பல வகை மனிதர்களுக்கு முழு உருவப் பொம்மை செய்து நிறுத்தியிருக்கும் காட்சிக்கூடத்துக்குப் போனேன். குடிசை, கூடை, வில், இடுப்புத் துணி. பார்க்கிறவர்கள் வெளியே, பார்க்கப்படுகிறவர்கள் கண்ணாடிக்கு உள்ளே. அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. நம் வகுப்பில் யாருக்கும் இது தோன்றுமா என்று யோசித்தேன். உனக்குத் தோன்றுமா?

சாப்பாடு: உருளைக்கிழங்கு போட்ட பிரியாணியை மன்னித்துவிட்டேன். உருளைக்கிழங்குதான் அதில் நன்றாக இருந்தது. முட்டை ரோல் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். உன் அம்மாவுக்கு வாடை தெரிந்துவிட்டது. திட்டவில்லை. சோபாவில் உட்காரப் போனபோது, "பிளாஸ்டிக் சேர் இருக்கு பாரு, காத்து வரும்" என்றார். அது பால்கனிப் பக்கம் இருந்தது. காற்றும் வந்தது, பக்கத்துச் சாக்கடை நாற்றமும் வந்தது. மறுநாளும் அந்தச் சேர்தான். மறுநாள் நான் ரோல் சாப்பிடவில்லை.

உன் அப்பா நல்லவர். அலிப்பூர் ஆபீசுக்குக் கிளம்பும்போது எந்தப் பேருந்து, எந்த வாசல் என்று காகிதத்தில் படம் போட்டுக் கொடுக்கிறார். என் முகத்தைப் பார்க்காமல் கொடுக்கிறார். அவருடைய சுபாவமே அப்படியா?

தட்டைப் பற்றிக் கேட்டேனே, நீ பதில் எழுதவில்லை. மறந்திருப்பாய். எழுத்துகளுக்குள் சாம்பார்க் கறை இறங்கியிருக்கிறது, எத்தனை தேய்த்தாலும் போகவில்லை. இன்னும் கொஞ்சம் எழுத்து கற்றால் நானே படித்துவிடுவேன்.

தீபக்


சால்ட் லேக்
மே 26, 2025

அபிநவ்,

முகவரியைப் பார்த்திருப்பாய். உன் வீட்டில் நான் இப்போது இல்லை.

வியாழக்கிழமை மதியம் தட்டைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தேன். வெயில் பட்டு எழுத்து பளிச்சென்று தெரிந்தது. கொம்பு, சிவனின் ஷ. ஷெ. ஃபாசிலின் ஃபா. கொல்கத்தாவின் ல, அதற்கு இகரம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி விரலை வைத்து வாய்விட்டுப் படித்தேன். இரண்டாம் முறை படிக்கும்போதுதான் நாக்கு நின்றது.

ஷெஃபாலி.

பால்கனியின் அந்த மூலையில் ஷெஃபாலி மாஷி தரையில் உட்கார்ந்து பிஸ்கட் டப்பா மூடியில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்று வாரமாக அப்படித்தான் சாப்பிடுகிறார். அது அவர் வழக்கம் என்று நினைத்திருந்தேன். நான் படித்தது அவர் காதில் விழுந்தது. "ஹே, ஆமார் தாலா" என்றார். ஆமாம், என் தட்டு. பிறகு கையை அசைத்து, பரவாயில்லை நீ சாப்பிடு என்று காட்டினார்.

புரிகிறதா உனக்கு? உன் வீட்டில் வேலைக்காரிக்கு என்று ஒரு தட்டு. அது மற்றதோடு கலந்துவிடக் கூடாது என்று அதற்கும் பெயர் வெட்டி வைத்திருக்கிறீர்கள். அவரே அடையாளம் கண்டு எடுத்துக்கொள்ள வசதியாக அவர் மொழியில். நான் வந்ததும், என் அப்பா பெயரைக் கேட்டதும், அதைப் பிடுங்கி எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவருக்கு டப்பா மூடி. 'அபி' என்று வெட்டிய உன் தட்டு அலமாரியில் சும்மா கிடக்கிறது, தினம் பார்க்கிறேன். அந்த முதல் காப்பிக்குப் பிறகு உன் டம்ளர் என் கைக்கு வரவே இல்லை. அந்தக் காப்பி கேள்விக்கு முந்தியது. தட்டு கேள்விக்குப் பிந்தியது.

தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். உன் அம்மா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். "மாமி, இதில் ஷெஃபாலி என்று போட்டிருக்கிறது" என்றேன். அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"உனக்கு பெங்காலி படிக்கத் தெரியுமா?"

பொய்கூடச் சொல்லவில்லை. கைமாறி வந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம், நான் நம்பித் தொலைத்திருப்பேன். எனக்கு வந்தது கோபமில்லை, அருவருப்பு. அந்த மோர்க்குழம்பு, சேப்பங்கிழங்கு, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோப்பா" எல்லாம் தொண்டையில் திரும்பி வந்தது. கரண்டி என் தட்டில் படாமல் ஒரு சாண் உயரத்திலிருந்து அவர் பரிமாறியது நினைவுக்கு வந்தது. எண்ணெய் தெறிக்காமல் இருக்க அப்படிச் செய்கிறார் என்று நினைத்திருந்தேன்டா. எவ்வளவு பெரிய முட்டாள் நான்! ஃபுச்காக்காரரின் பிளாஸ்டரைப் பார்த்து முகம் சுளித்தவன் மூன்று வாரம் உன் அம்மா கையால் சாப்பிட்டிருக்கிறேன்.

அப்போதே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். இங்கே செக்டர் ஃபைவ் கம்பெனியில் வேலை பார்க்கும் கலியன் அண்ணன் அறையில் இருக்கிறேன். அப்பாவோடு வேலை பார்க்கிறவரின் மகன். நாலு பேர், இரண்டு தட்டு, யார் முதலில் எழுந்தாலும் அவனுக்கு.

இந்தக் கடிதமும் சாருக்குக் கொடுக்கும் கட்டோடு சேரும். வகுப்பில் இதை உரக்கப் படிக்கப் போவது நீ.

தீபக்


பெரம்பூர்
ஜூன் 1, 2025

தீபக்,

விதியை மீறி நான்கு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. சரி.

உன் கடிதம் வந்த அன்றே அம்மாவும் போன் செய்து அழுதாள். "வந்த பையனுக்கு வேளாவேளைக்கு வடிச்சுக் கொட்டினேன், என்னைக் குத்தவாளியாக்கிட்டுப் போறான்" என்றாள். அவள் செய்தது தப்பு. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவள் கெட்டவள் இல்லைடா. ஐம்பது வருஷம் அப்படியே வளர்ந்தவள். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் உனக்குச் சேப்பங்கிழங்கு பிடிக்கும் என்று வாரம் இரண்டு முறை லேக் மார்க்கெட் போயிருப்பாளா?

நான் கேட்பது ஒன்றுதான். 26ஆம் தேதிக் கடிதத்தை எடுத்துவிட ஒத்துக்கொள். 5, 19ஆம் தேதிக் கடிதங்களில் தட்டு பற்றிய வரிகளையும். சாருக்கு எத்தனை கடிதம் என்று தெரியாது. இருபத்திரண்டு பேர் முன்னால் என் அம்மாவைப் பற்றி என் வாயாலேயே நான் எப்படிப் படிப்பேன்? உனக்கும்தான் யோசித்துச் சொல்கிறேன். அதைப் படித்தால் நீ யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். இரண்டு வருஷமாக நீ யாரிடமும் சொன்னதில்லை. என்னிடமும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

இன்னொன்று. எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. உன் முதல் கடிதத்தில் பெங்காலிக் கிறுக்கல் என்று படித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் பெங்காலியில் பெயர் வெட்டிய தட்டு ஒன்றுதான் இருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் எழுதாமல் மற்ற எல்லாவற்றையும் எழுதினேன். நாற்பது நாள்தானே, ஓடிவிடும், உனக்குத் தெரியவே தெரியாது என்று நினைத்தேன். பெங்காலி கற்றுக்கொள் என்று எழுதியதும் நான்தான். எதற்கு எழுதினேன் என்று இப்போது யோசித்தாலும் விளங்கவில்லை.

ஆனால் என்னை என் அம்மாவோடு சேர்க்காதே. உன் வீட்டில் ஒரு மாதமாகச் சாப்பிடுகிறேன். எந்த வித்தியாசமும் பார்த்ததில்லை. உன் அம்மா கொடுத்த தட்டில், உன் அம்மா கையால் சமைத்ததை, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறேன். என் மனசில் அது இல்லை. அதையாவது நம்பு.

அபி


சால்ட் லேக்
ஜூன் 7, 2025

அபிநவ்,

நீ தெரிந்தே சும்மா இருந்தாய். உன் அம்மாவையாவது ஐம்பது வருஷப் பழக்கம் என்று சொல்லிக் காப்பாற்றலாம். உனக்கு இருபது வயது. உன் மே 12 கடிதத்தை மறுபடி படித்தேன். அத்தோ, திமிங்கிலம், வேர்க்கடலை. சே! அவ்வளவு சிரிப்புக்கு நடுவில் என்னை அந்தத் தட்டுக்கு முன்னால் உட்கார்த்தி வைத்திருக்கிறாய்.

'வித்தியாசம் பார்த்ததில்லை' என்று எழுதியிருக்கிறாய். நீ எதில் சாப்பிடுகிறாய் என்று உனக்குத் தெரியுமா?

அந்தத் தட்டை வாங்கியது நான்.

ரயில் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்னால், பெரம்பூர் பாத்திரக் கடையில். தட்டு, டம்ளர், கிண்ணம், சின்னக் குக்கர். கடைக்காரர் "பேர் வெட்டித் தரட்டுமா தம்பி?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அம்மாவிடம் கொடுத்து, "அவன் ஐயர் வீட்டுப் பையன். நம்ம பாத்திரத்துல கவிச்சி வாடை இருக்கும். அவனுக்குத் தனியா இதுல போடு. அவன் இருக்கிற வரைக்கும் வீட்ல மீனு, கறி எதுவும் வேணாம்" என்று சொன்னேன். அம்மா வாங்கி அலமாரியில் தனியாக வைத்தார். அவருக்கு இது புதிதில்லை. அவர் வேலைக்குச் சேர்ந்த வருஷம், அவர் சமைப்பதைப் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று பள்ளிக்கூட வாசலில் நாலு பெற்றோர் நின்றார்கள். அம்மா இருபது நாள் பானை நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். இதை எனக்குச் சொன்னது அப்பா. அந்த அம்மாவிடம்தான் நான் போய், நம் தட்டு அவனுக்கு ஆகாது என்று சொன்னேன்.

நீ முகம் சுளிப்பதை என் அம்மா பார்த்துவிடக் கூடாது என்று நினைத்தேன். நீ சுளிப்பாயா என்று உன்னிடம் கேட்கவே இல்லை. நீ வருவதற்கு முன்னாலேயே உன் அம்மாவின் வேலையை என் வீட்டில் நானே செய்து முடித்துவிட்டேன். சால்ட் லேக் அறையில் படுத்துக்கொண்டு உன் அம்மாவை வெறுக்கத்தான் முயன்றேன். வெறுப்பு வந்தது. வந்த வேகத்தில் பாதி என் மேலேயே திரும்பியது. என் கையையே எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

நேற்று லேக் மார்க்கெட் போனேன். உன் வீட்டுக்கு இல்லை. காய்கறிக் கடை வாசலில் ஷெஃபாலி மாஷி வருவாரென்று நின்றேன். தட்டு திரும்பக் கிடைத்ததா என்று எனக்குத் தெரிந்த பெங்காலியில் கேட்டேன். சிரித்தார். நான் போன அன்றே உன் அம்மா அதைத் தூக்கிப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டாராம். மாஷி இன்னும் டப்பா மூடியில்தான் சாப்பிடுகிறார். நான் சாப்பிட்ட பிறகு அது ஷெஃபாலிக்கும் ஆகாமல் போய்விட்டது போலிருக்கிறது.

எதையும் எடுக்க விடமாட்டேன். ஒரு வரிகூட. நான் யார் என்று தெரியட்டும். நான் என்ன செய்தேன் என்பதும் தெரியட்டும். உனக்குப் படிக்க முடியாவிட்டால் சாரிடம் சொல், இரண்டு கட்டையும் நானே படிக்கிறேன்.

தீபக்


பெரம்பூர்
ஜூன் 13, 2025

தீபக்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. படித்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். உன் அம்மா எனக்குச் சாம்பார் தாளித்துக்கொண்டிருந்தார். அந்தப் புதுத் தட்டைக் கழுவித் துடைத்து அட்டைப் பெட்டிக்குள் வைத்தேன். உங்கள் வீட்டுத் தட்டில் ஒன்று வேண்டும் என்றேன்.

"ஐய, அதெல்லாம் நெளிஞ்சி கெடக்கு கண்ணு. உனுக்கு வேணாம்."

நானே அலமாரியிலிருந்து எடுத்தேன். விளிம்பில் 'ம.மு.' என்று இருந்தது. உன் அப்பாவுடையது. எனக்கு இன்று சாம்பார் வேண்டாம், உங்களுக்கு வைக்கும் குழம்பைப் போடுங்கள் என்றேன். உன் அம்மா நம்பாமல் என்னையே பார்த்தார். நான் வந்ததிலிருந்து இந்த வீட்டில் மீன் வாங்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உன் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு போய் வஞ்சிரம் வாங்கி வந்தார். போகும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. நான் வந்த நாளிலிருந்து அதைப் பார்த்ததில்லை.

முதல் முறையாக மூவரும் ஒன்றாக உட்கார்ந்தோம். குழம்பு நீ பீற்றிக்கொண்ட மாதிரியே இருந்தது. மாங்காய் போட்டிருந்தார். சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தேன். விழுங்கினேன். இரண்டாவது வாய் எடுக்கும்போது தட்டின் நடுவில், வருஷக்கணக்காகத் தேய்த்துத் தேய்த்து மங்கிய அந்த இடம் கண்ணில் பட்டது. உன் அப்பா, உன் அம்மா, நீ, எல்லோரும் எத்தனை வருஷம் இதில் சாப்பிட்டிருப்பீர்கள் என்று ஒரு நினைப்பு. அவ்வளவுதான். எழுந்து ஓடுவதற்குள் அங்கேயே, அந்தத் தட்டிலேயே வாந்தி எடுத்துவிட்டேன்.

மீனுக்கு இல்லை தீபக். பத்து வயதிலிருந்து மீன் தின்கிறவன் நான். எவர் கடையிலும், எவர் கை பட்டதையும், பிளாஸ்டர் ஒட்டிய விரல் முங்கிய தண்ணீரையும் குடித்துவிட்டு உன்னைக் கேலி செய்தவன். என் மனசில் அது இல்லை என்று உனக்கு எழுதினேன். மனசைக் கேட்டுத்தான் எழுதினேன். வயிற்றைக் கேட்கவில்லை.

உன் அம்மா ஓடி வந்து என் முதுகைத் தடவினார். தன் முந்தானையால் என் வாயைத் துடைத்தார். தட்டை எடுத்துப் போய்க் கழுவினார். உன் அப்பா கையில் பிசைந்த சோற்றோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு உன் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"மன்னிச்சிக்க கண்ணு. நான் அப்பவே சொல்லணும். உனுக்கு ஒத்துக்காதுன்னு எனுக்குத் தெரியும்."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார், தீபக்.

மறுநாள் காலை அதே தட்டைக் கேட்டேன். கொடுக்கவில்லை. அட்டைப் பெட்டியிலிருந்து புதுத் தட்டை எடுத்து வைத்துவிட்டார். இன்றும் கேட்டேன். நாளையும் கேட்பேன். ரயில் ஏறும் வரை கேட்பேன். அவர் கொடுக்க மாட்டார் என்றுதான் தோன்றுகிறது.

உன் கடிதங்களை நான் படிக்கிறேன், எதையும் விடாமல். அம்மா பெயர் வரும் இடத்திலும் குரலைத் தாழ்த்த மாட்டேன். இந்தக் கடிதம் உன் பங்கு. இதை நீதான் வகுப்பில் படிக்க வேண்டும். என் ற, ர தப்பாக இருந்தால் திருத்திக்கொள். வேறு எதையும் திருத்தாதே.

அபிநவ்